வீட்ல கட்டுன பக்கி மக்கர் பண்ணுதா? எந்த அறிகுறிக்கு எங்க கை வைக்கணும்

மாருதி 800 இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒண்ணா கழட்டி பின்னாடி வெச்சு, அதே வண்டியோட ஸ்டியரிங் ரேக்க முன்னாடி போட்டு, பைப் வளைச்சு சேஸி அடிச்சு ஷெட்லயே பக்கி (மண்ணு, மணல்ல ஓட்டுற திறந்த பைப் வண்டி) கட்டுறவங்களுக்கு இது. கொடுங்கையூர், மணலி, திருவொத்தியூர்னு நம்ம வட சென்னைப் பக்கம் கட்டுறவங்க பெரும்பாலும் இந்த செட்டப்தான் புடிக்கிறாங்க. புதுப்பேட்டைல எல்லா ஸ்பேரும் கிடைக்குது, தெருமுனை மெக்கானிக்குக்கு கூட அந்த 796 சிசி இன்ஜின் அத்துப்படி. பல்சர் இன்ஜின்ல செயின் போட்டு கட்டுறவங்களுக்கும் நடுவுல ஒரு சின்ன பகுதி இருக்கு.

திரும்பத் திரும்ப இதே கம்ப்ளைன்ட்டுங்கள பாத்ததுல எனக்குப் பட்டது ஒண்ணுதான். கம்பெனி வண்டில பார்ட் தேஞ்சு கெட்டுப்போகும், நம்ம வண்டில பார்ட்ட எடம் மாத்துனதால பிரச்சன வரும். ரேடியேட்டர் ஒரு மூலைக்கு போச்சு, இன்ஜின் இன்னொரு மூலைக்கு போச்சு, பிரேக் மாஸ்டர் (பெடல மிதிச்சா பிரேக் ஆயில தள்ளுற சிலிண்டர்) தரைக்கு எறங்குச்சு, பேட்டரி சீட்டுக்கு அடியில போச்சு. அதனால புதுசு வாங்க பாட்டர்ஸ் ரோடுக்கு கெளம்புறதுக்கு முன்னாடி "இத நான் எங்க இருந்து எங்க நகத்துனேன்"னு ஒரு தடவ யோசிங்க, பாதி நேரம் செலவே இல்லாம முடிஞ்சிடும்.

கையில ஒரு மல்டிமீட்டர், ஒரு ஜம்பர் கேபிள், நூல், டேப்பு, மீன் தொட்டிக்கு போடுற மாதிரி உள்ள தெரியற பிளாஸ்டிக் "கண்ணாடி டியூப்" ஒரு மீட்டர் போதும். வண்டிய தூக்கினா ஸ்டாண்டு போடுங்க, ஜாக்கிய நம்பி அடியில போற வேலையே வேணாம். ஓட்டிப் பாக்கறதும் ரோட்டுல இல்ல, நம்பர் பிளேட் இல்லாத வண்டி இது, டாடா ஏஸ்ல ஏத்திட்டு மீஞ்சூர், செங்குன்றம் தாண்டி தெரிஞ்சவங்க நெலத்துல ஓட்டுங்க. எண்ணூர் கடற்கரை மணல பாத்தா கை அரிக்கும்தான், ஆனா வருஷ ஆரம்பத்துல பங்குனி ஆமை முட்ட போட கரை ஏறுற சீசன், அந்தப் பக்கம் போகாதீங்க.

## சாவி திருப்பினா ஸ்டார்ட் ஆகல

காதால கேட்டே இத பிரிச்சிடலாம்.

### "டக்"னு ஒரு சத்தம், இல்லன்னா செல்ஃப் நொண்டி நொண்டி சுத்துது

முதல்ல பேட்டரி டெர்மினல். நம்ம ஊரு உப்புக் காத்துல பச்சையும் வெள்ளையுமா பூத்துப் போயிருக்கும், சுடுதண்ணி ஊத்தி கழுவி, சுரண்டி, டைட் பண்ணி வாசலின் தடவுங்க. அப்புறம் மீட்டர் வைங்க. சும்மா இருக்கறப்ப 12.6 வோல்ட் கிட்ட இருக்கணும், ஒருத்தர சாவி திருப்பச் சொல்லி பாக்கும்போது 9.6-க்கு கீழ விழுந்தா பேட்டரிய சார்ஜ் போடுங்க, சார்ஜ் போட்டும் விழுந்தா பேட்டரி போச்சு.

பேட்டரி நல்லா இருந்தும் நொண்டுதுன்னா எர்த். வீட்ல கட்டுன வண்டில நம்பர் ஒன் குற்றவாளி இதான். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு, ரப்பர் வழியா கரென்ட் போகாது. கம்பெனி வண்டில இன்ஜின்ல இருந்து பாடிக்கு தனியா ஒரு பட்டை எர்த் வயர் இருந்துச்சு, கழட்டும்போது அத அங்கயே விட்டுட்டு வந்திருப்பீங்க, இல்லன்னா பெயின்ட் மேலயே போல்ட் போட்டிருப்பீங்க. செக் பண்றது ரொம்ப சிம்பிள், ஜம்பர் கேபிள ஒரு முனை பேட்டரி மைனஸ்ல, இன்னொரு முனை கியர்பாக்ஸ் போல்ட்டுல மாட்டிட்டு சாவி திருப்புங்க. சும்மா கிர்ருனு சுத்துச்சுன்னா விஷயம் முடிஞ்சுது, பெயின்ட்ட சுரண்டி நல்ல தடியான எர்த் போடுங்க.

அதுவும் சரியா இருந்தா பிளஸ் கேபிள். பேட்டரி முன்னாடியும் இன்ஜின் பின்னாடியும் இருந்தா மூணு மீட்டருக்கு மேல கேபிள் ஓடும், மாருதியோட பழைய கேபிள் சைஸ் அவ்ளோ தூரத்துக்கு பத்தாது. பேட்டரி பிளஸ்ல ஒரு முனை, செல்ஃப் மோட்டார் போல்ட்டுல ஒரு முனைன்னு மீட்டர வெச்சு செல்ஃப் அடிங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா கேபிள் தின்னுதுன்னு அர்த்தம். 35 ஸ்கொயர் மில்லிமீட்டர் காப்பர் கேபிள் போடுங்க, இல்ல பேட்டரிய பின்னாடியே கொண்டு போயிடுங்க. இதெல்லாம் தாண்டியும் நொண்டுனாதான் செல்ஃப் மோட்டார கழட்டி ஆட்டோ எலக்ட்ரீஷியன் கிட்ட குடுக்கணும், கார்பன் பிரஷ், புஷ் மாத்துனா பெரும்பாலும் சரியாயிடும்.

### செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா பத்திக்கல

கரென்ட்டா பெட்ரோலான்னு பிரிங்க. ஒரு பிளக்க கழட்டி வயர்ல மாட்டி, ரப்பர் கைப்பிடி பிளையர்ல புடிச்சு இன்ஜின் மேல வெச்சு சுத்த விடுங்க, பக்கத்துல பெட்ரோல் சிந்தி இருக்கக் கூடாது. பொறி இல்லன்னா காயில்ல 12 வோல்ட் வருதான்னு பாருங்க, வந்தா டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குங்களுக்கு கரென்ட்ட பிரிச்சுக் குடுக்கறது) மூடிய கழட்டி ஈரத்த துடைங்க, உள்ள கோடு கோடா கருகி இருந்தா மூடி மாத்துங்க. பொறி இருந்தும் "டப் டப்"னு கார்புல (கார்புரேட்டர்ல) வெடிச்சா பிளக் வயர மாத்தி மாட்டியிருக்கீங்க, இந்த இன்ஜினுக்கு ஃபயரிங் ஆர்டர் 1-3-2. 1-2-3-ன்னு வரிசையா மாட்டிட்டு கார்ப கழட்டி மேய்ஞ்சவங்கள பாத்திருக்கேன்.

பொறி சரின்னா பெட்ரோல். கார்புக்கு வர்ற டியூப கழட்டி பாட்டில்ல விட்டு செல்ஃப் அடிங்க, விட்டு விட்டு பீச்சணும். வரலன்னா ஃபில்டர் அடைப்பு, அப்புறம் டியூப்ல எங்கயாவது காத்து இழுக்குதான்னு பாருங்க. கார்ப் மாடல்ல பம்ப் இன்ஜின்லயே இருக்கு, அது பெட்ரோல உறிஞ்சுற பம்ப், டேங்க் தூரமா போகப் போக ஒவ்வொரு கிளாம்ப்லயும் காத்து இழுக்க சான்ஸ் அதிகம். பழைய ரப்பர் டியூப்னா யோசிக்காம மாத்திடுங்க, இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது பழைய ரப்பர ஊற வெச்சு வெடிக்க வெச்சிடும். அதே மாதிரி மாசக்கணக்குல டேங்க்ல கிடந்த பெட்ரோல்ல அடியில தண்ணி பிரிஞ்சு நிக்கும், ஒரு கண்ணாடி பாட்டில்ல புடிச்சுப் பாத்தா தெரியும்.

சில கார்புல ஒத்த வயர் போற ஒரு சின்ன சோலனாய்டு இருக்கும், அதுக்கு கரென்ட் குடுக்காம விட்டா ஐடில்ல நிக்கவே நிக்காது. ஒயரிங் புதுசா இழுக்கறவங்க மறக்கறது இதத்தான். இவ்ளோ பாத்தும் பத்திக்கலன்னா டைமிங் பெல்ட் பல்லு தாண்டியிருக்கலாம், கம்ப்ரஷன் போயிருக்கலாம், அது மெக்கானிக் வேலை. பெல்ட்ல சந்தேகம் வந்துடுச்சுன்னா மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்காதீங்க.

### ஸ்டார்ட் ஆகுது, கொஞ்ச நேரம் ஓடி அடங்கிடுது

அடங்குன உடனே டேங்க் மூடிய திறங்க. "ஸ்ஸ்"னு காத்து உள்ள போச்சுன்னா டேங்க்ல மூச்சு விடற ஓட்டை இல்ல, அவ்ளோதான் விஷயம். நாமளே தகரத்துல அடிச்ச டேங்க்ல இது சகஜம். ஒரு சின்ன வென்ட் வெச்சு, அதுல டியூப் மாட்டி மேல கொண்டுபோய் வளைச்சு விடுங்க, வண்டி சாஞ்சா பெட்ரோல் கொட்டக் கூடாது. சத்தம் வரலன்னா பெட்ரோல் டியூப் சைலன்சர் பக்கத்துல போகுதா பாருங்க, மே மாச வெயில்ல டியூப்ல பெட்ரோல் ஆவியாகி நின்னுடும். காயில் தொட முடியாத அளவுக்கு சுட்டா அதையும் சைலன்சர்ல இருந்து தள்ளி வைங்க. மேடு பள்ளத்துல மட்டும் அடங்குனா சாவி சுவிட்ச் பின்னாடி இருக்கற கனெக்டர்தான் முதல் ஆளு, ரெண்டாவது டேங்க்ல கால் பங்குக்கு கீழ பெட்ரோல் இருக்கும்போது அலைஞ்சு காத்து இழுக்கறது.

## ஹீட் ஆகுது

இன்ஜின் பின்னாடி, ரேடியேட்டர் முன்னாடின்னு வெச்சவங்க எல்லாரும் ஒரு தடவயாவது இதுல மாட்டுவாங்க. சூடா இருக்கும்போது மூடிய திறக்காதீங்க, அவசரத்துல மூஞ்சி வெந்துடும்.

### டெம்பரேச்சர் கேஜ் முள்ளு திடீர்னு ஏறுது, திடீர்னு எறங்குது

ஏர் லாக். ரேடியேட்டர்ல இருந்து பைப் தரையோட ஓடி இன்ஜின்ல மேல ஏறுது, ரேடியேட்டர் மூடி இன்ஜினோட மேல் ஹோஸ விட கீழ இருந்தா காத்து இன்ஜின்ல போய் மாட்டிக்கும், எவ்ளோ தண்ணி ஊத்தினாலும் போகாது. முன் வீல ரேம்ப்ல ஏத்தி மூடி மேல வர்ற மாதிரி நிறுத்துங்க, மூடிய திறந்து வெச்சு ஜில்லுனு இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணுங்க, ஹோஸ கையால அமுக்கி அமுக்கி விட்டா குமிழ் வந்துட்டே இருக்கும், நிக்கற வரைக்கும் ஊத்துங்க. ஒவ்வொரு தடவையும் ரேம்ப் தேடறது பேஜாருன்னா மேல் ஹோஸ்ல எது உசரமான எடமோ அங்க ஒரு டீ வெச்சு சின்னதா ஒரு மூடி போட்டுடுங்க, நிரந்தரமா தீர்ந்துடும்.

### நிக்கும்போது ஏறுது, ஓடும்போது சரியா இருக்கு

ஃபேன். பேட்டரில இருந்து நேரா வயர் குடுத்துப் பாருங்க. ஓடுனா தெர்மோ சுவிட்ச், ரிலே, ஃபியூஸ் மூணுல ஒண்ணு. ஓடுது ஆனா ஹீட் குறையலன்னா ஒரு பேப்பர ரேடியேட்டர் முன்னாடி புடிங்க, ஒட்டிக்கணும். தள்ளி விட்டுச்சுன்னா வயர் ரெண்டும் மாறி ஃபேன் உல்டாவா சுத்துது.

### ஓட ஓட ஏறுது

மொதல்ல சேறு. ரேடியேட்டர் கண்ணுல களிமண் காஞ்சு ஒட்டியிருக்கும், பின்பக்கமா இருந்து மெதுவா தண்ணி அடிச்சு கழுவுங்க, வாட்டர் வாஷ் கன்ன கிட்ட புடிச்சா ரெக்கை எல்லாம் மடங்கிடும். அப்புறம் தெர்மோஸ்டாட் (சூடேறுனதும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடற வால்வ்), கழட்டி பாத்திரத்துல தண்ணியோட கொதிக்க விடுங்க, 80 டிகிரிக்கு மேல போகும்போது வாய் திறக்கணும், கொதிச்சும் திறக்கலன்னா மாத்துங்க. கழட்டி தூர போட்டுட்டு ஓட்டலாம்னு சில பேர் சொல்வாங்க, கேக்காதீங்க. அடுத்தது பைப், மாருதி ஹோஸ் சைஸுக்கு குறைஞ்ச பைப்ப அடியில ஓட்டியிருந்தா தண்ணி ஓட்டம் பத்தாது. முழு நீளத்துக்கும் ரப்பர் போட்டிருந்தா ரேஸ் பண்ணும்போது கீழ் ஹோஸ் உறிஞ்சி தட்டையாகுதான்னு பாருங்க, நடுவுல இரும்பு பைப்பும் ரெண்டு முனைல மட்டும் ரப்பரும்தான் சரி.

அப்புறம் தண்ணி. திருவொத்தியூர், எண்ணூர், மீஞ்சூர் பக்கம் போர் தண்ணி உப்பு, அத ஊத்தினா அலுமினியம் ஹெட்ட அரிச்சுடும், ரேடியேட்டர் டியூப்ல பாறையா படியும். கூலன்ட் ஊத்துங்க, காசு இல்லன்னா பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர்ல (ஆசிட் இல்ல) கூலன்ட்ட கலந்தாவது ஊத்துங்க. ஏற்கனவே உப்பு அடைச்ச ரேடியேட்டர்னா கடைக்குக் குடுத்து டேங்க் பிரிச்சு ராடு விட்டு குத்தி எடுக்கணும்.

### மூடி திறந்து வெச்சு ஓட விட்டா நிக்காம குமிழ் வருது, வெள்ள புகை, ஆயில் பால் டீ கலர்ல இருக்கு

ஹெட் கேஸ்கெட். ஏர் எடுத்து முடிச்ச அப்புறமும் குமிழ் வந்தாதான் இத சந்தேகப்படணும். இங்கயே நிறுத்திட்டு மெக்கானிக்க கூப்பிடுங்க, ஹெட்ட லேத்துல குடுத்து ஃபேஸிங் பாக்காம வெறும் கேஸ்கெட் மட்டும் மாத்தினா திரும்ப வரும்.

## பிரேக்

இதுல ஒண்ணுதான் ரூல், சந்தேகம் தீர்ற வரைக்கும் வண்டி ஷெட்ட விட்டு வெளிய வராது.

### பெடல் மெத்துனு அமுங்குது

ஏர் எடுத்தும் எடுத்தும் போகலன்னா காலிபர்ல (டிஸ்க்க புடிக்கற பார்ட்) ஏர் வெளிய விடற நிப்பிள் எந்தப் பக்கம் இருக்குன்னு குனிஞ்சு பாருங்க. டை ராடு (ஸ்டியரிங் ரேக்ல இருந்து வீலுக்கு போற ராடு) எடம் வரணும்னு லெஃப்ட் நக்கிள (வீல் ஹப்ப தாங்குற பார்ட்) ரைட்லயும் ரைட்ட லெஃப்ட்லயும் மாட்டினா நிப்பிள் கீழ வந்துடும், காத்து மேல நிக்கும், நீங்க நாள் பூரா மிதிச்சாலும் வராது. காலிபர கழட்டி நிப்பிள் மேல வர்ற மாதிரி சாச்சு புடிச்சு, பேடுக்கு நடுவுல ஒரு கட்டை குடுத்து ஏர் எடுங்க. மாஸ்டர்ல இருந்து தூரமான வீல் மொதல்ல, கிட்ட இருக்கறது கடைசில. நிப்பிள்ல கண்ணாடி டியூப் மாட்டி முனைய பிரேக் ஆயில் இருக்கற பாட்டில்ல முக்கி வெச்சா குமிழ் நின்னுச்சா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியும்.

அழுத்திப் புடிச்சே இருந்தா பெடல் மெதுவா கீழ போகுது, வெளிய எங்கயும் ஒழுகலன்னா மாஸ்டர் உள்ள ரப்பர் கப் போச்சு, ரிப்பேர் கிட் வாங்கி மாத்துங்க. மாஸ்டர் உள்சுவர் கோடு விழுந்திருந்தா கிட் போட்டு பிரயோஜனம் இல்ல, முழு மாஸ்டர்தான். பின்னாடி டிரம் வெச்சவங்க ஷூ அட்ஜஸ்ட் பண்ணுங்க, கேப் அதிகமா இருந்தாலும் பெடல் எறங்கும்.

### வண்டி கொஞ்ச நேரம் நின்னா முதல் மிதி வெறும் மிதியா போகுது, ரெண்டாவதுல புடிக்குது

பக்கில பெடல தரையில வெச்சு மாஸ்டரையும் தரையிலயே படுக்க வெச்சிருப்பீங்க, வீல் சைடு மாஸ்டர விட உசரத்துல இருக்கு. அங்க இருந்து ஆயில் மெதுவா பின்வாங்கிடும். மாஸ்டர மேல ஏத்தறதுதான் செலவில்லாத வழி. முடியலன்னா ரெசிடுவல் வால்வ்னு ஒண்ணு லைன்ல போடணும், டிஸ்க் லைனுக்கு 2 பிஎஸ்ஐ, டிரம் லைனுக்கு 10 பிஎஸ்ஐ. மாத்திப் போட்டா டிஸ்க் தேச்சுக்கிட்டே ஓடும், வாங்கும்போது உஷார்.

### பெடல் கெட்டியா இருக்கு, வண்டி நிக்கல

பேடுல ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கா பாருங்க, பட்டிருந்தா பேட மாத்துங்க, கழுவி போடறது எல்லாம் வேலைக்கு ஆகாது. அப்புறம் பெடல் அளவு. பெடல் ஆடற ஆணில இருந்து கால் வைக்கற எடம் வரைக்கும் அளந்து, அத ஆணில இருந்து மாஸ்டர் ராடு வரைக்கும் உள்ள அளவால வகுங்க, சர்வோ (மிதிக்க உதவுற பூஸ்டர்) இல்லாத வண்டிக்கு 5-ல இருந்து 6 வரணும். 30 சென்டிமீட்டர் பெடலுக்கு ராடு 5 சென்டிமீட்டர்ல இருந்தா 6. பாக்க அழகா இருக்கணும்னு குட்டை பெடல் வெச்சவங்க வண்டில 3 கூட வராது, அப்புறம் தொடை பலம் பத்தாம வண்டி எங்க நிக்கும்? அதுவும் சரின்னா மாஸ்டர் போர் (உள் விட்டம்) பெருசு, பெரிய வண்டி மாஸ்டர மாட்டினா மிதி கெட்டியாகி புடி குறையும்.

### பிரேக் விடாம புடிச்சே இருக்கு

பெடல் ராடுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கணும். இல்லன்னா ஆயில் திரும்ப வர்ற ஓட்டை மூடியே இருக்கும், சூடு ஏற ஏற பிரேக் தானா புடிக்கும். ஆட்டம் இருந்தா காலிபர் பின்னு துரு, கழட்டி கிரீஸ் போடுங்க.

பைப் லைன் மட்டும் சொந்தமா செய்யாதீங்க. பிரேக் பைப் முனைய டபுளா மடிச்சு அடிக்கணும், அதுக்கு டூல் வெச்சிருக்க பிரேக் கடைல குடுத்து செஞ்சு வாங்குங்க, ஏசி காப்பர் பைப்ல பிரேக் லைன் இழுத்து வெச்சிருக்க வண்டிய பாத்தா உக்காரவே உக்காராதீங்க. கடுமையா மிதிக்கும்போது பின் வீல் முன்னாடியே லாக் ஆகி வண்டி சுத்துதுன்னா அதுவும் கடைக்காரர் வேலைதான், பின் லைன்ல அட்ஜஸ்ட் பண்ற வால்வ் போட்டு செட் பண்ணித் தருவாங்க.

## கியர்

நாலு ரிவர்ஸ், ஒரே ஒரு முன் கியர்னு வண்டி ஓடுதா? சிரிக்காதீங்க, இன்ஜின் செட்ட பின்னாடி வைக்கும்போது 180 டிகிரி திருப்பி வெச்சா இப்படித்தான் ஆகும். மாருதில எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சோ அதே பக்கம் பாத்து பின்னாடி நகத்தணும், வேற மருந்து இல்ல.

கியர் விழும்போது கரகரன்னா கிளட்ச் முழுசா விடல. கேபிள் நீளமாக்கி கூர்மையா வளைச்சிருந்தா பெடல்ல மிதிக்கறதுல பாதி கேபிள் கவர் அமுங்கறதுக்கே போயிடும், வளைவ பெருசாக்குங்க, கவர் முனைய சேஸில ஆடாம கட்டுங்க. ஒரு கியர் மட்டும் விழலன்னா லிங்க் ராடு, கியர்பாக்ஸ் கிட்டயே ஸ்பேனர் வெச்சு கையால மாத்திப் பாருங்க, அங்க விழுந்தா உங்க லிங்க்ல ஆட்டம், அங்கயும் விழலன்னா பாக்ஸ் பிரிக்கணும், அது மெக்கானிக்குக்கு.

## டிரைவ் ஷாஃப்ட்

### திரும்பும்போது கடகடன்னு சத்தம், இல்ல ஆக்சிலேட்டர் குடுக்கும்போது "டங்"னு

பூட் (ஜாயின்ட்ட மூடியிருக்கற ரப்பர் உறை) கிழிஞ்சிருக்கா பாருங்க. கிழிஞ்சு மணல் உள்ள போயிருந்தா பூட் மட்டும் மாத்தி புண்ணியமில்ல, ஜாயின்ட்டும் போச்சு. கிழியாம சத்தம் வந்தா உள்பக்க ஜாயின்ட், அது வெளிப்பக்கத்து ஜாயின்ட் அளவுக்கு சாயாது. ஷாஃப்ட் எப்பவும் சாஞ்ச மாதிரியே நிக்கற அளவுக்கு வண்டிய உசரமா கட்டியிருந்தா ஜாயின்ட் மாத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான், இன்ஜின மேல தூக்குங்க இல்ல வண்டிய எறக்குங்க.

### ஷாஃப்ட் கியர்பாக்ஸ விட்டு கழண்டு வருது, கியர் ஆயில் ஒழுகுது

ஸ்பிரிங்க கழட்டிட்டு வீல கையால முழுசா கீழ தொங்க விடுங்க, அப்புறம் ஜாக்கில முழுசா மேல ஏத்துங்க. தொங்கும்போது உள் ஜாயின்ட் இன்னும் கொஞ்சம் வெளிய வர இடம் மிச்சம் இருக்கணும், மேல போகும்போது இன்னும் உள்ள போகவும் இடம் இருக்கணும். ரெண்டுல எது முட்டினாலும் பிரச்சன. தொங்கும்போது முட்டினா ஒரு பெல்ட் பட்டைய ஆர்ம்ல (வீல சேஸியோட சேர்க்கற கை) இருந்து சேஸிக்கு கட்டி தொங்கறத நிறுத்திடலாம், மலிவான வேலை, ரேஸ் பக்கிலயே அப்படித்தான் பண்றாங்க. ஷாஃப்ட்ட வெட்டி நடுவுல பைப் சொருகி வெல்ட் அடிக்கறது லேத்துல சென்டர் புடிச்சு செய்ய வேண்டிய வேலை, ஷெட்ல வெச்சு கண்ணளவுல அடிச்சா உதறும், உடைஞ்சா கால் பக்கம் சாட்டையா சுத்தும்.

## செயின் (பல்சர் இன்ஜின் காரங்களுக்கு)

கழண்டு கழண்டு விழுந்தா நேரான ஒரு கம்பிய ரெண்டு ஸ்ப்ராக்கெட் மேலயும் வெச்சுப் பாருங்க, ஒட்டி உக்காரணும். நேரா இருந்தும் விழுந்தா இன்ஜின் மவுண்ட், ஒருத்தர் கிளட்ச் புடிச்சு பிரேக்க மிதிச்சுட்டு மெதுவா விடும்போது இன்ஜின் அசையுதான்னு பக்கவாட்டுல நின்னு பாருங்க, செயின் எதிர்ல நிக்காதீங்க. அசைஞ்சா மேல ஒரு மவுண்ட் சேருங்க. செயின்னுக்கு இரும்புத் தகடு கவர் இல்லாம ஓட்டறது தற்கொலை.

## ஸ்டியரிங்

### குழில எறங்கும்போது வண்டி தானா லெஃப்ட் ரைட்னு இழுக்குது

ரேக்கோட டை ராடும் உங்க ஆர்மும் வேற வேற வட்டத்துல ஆடுது. அளக்க ஒரு வழி இருக்கு, பசங்க விளையாடுற லேசர் லைட்ட ஹப்ல டேப் போட்டு ஒட்டி எதிர் சுவத்துல புள்ளி விழ வைங்க, ஸ்பிரிங்க கழட்டிட்டு ஸ்டியரிங்க ஆடாம கட்டிட்டு வீல மேலயும் கீழயும் முழுசா ஆட்டுங்க. புள்ளி நேரா ஏறி எறங்கினா நல்லது. ஒரே பக்கமா சாய்வா போச்சுன்னா ரேக் உசரம் தப்பு, வாஷர் குடுத்து ஏத்தியோ எறக்கியோ பாருங்க. மேலயும் கீழயும் ஒரே பக்கமா வில்லு போல வளைஞ்சா டை ராடு நீளம் தப்பு, ஆர்ம் ஆணிக்கு நேரா டை ராடு பால் ஜாயின்ட் வர்ற மாதிரி நீளத்த மாத்தணும்.

அதே டெஸ்ட்ட பின் வீலுக்கும் பண்ணுங்க, யாரும் பண்றதில்ல. பின்னாடியும் மாருதி முன் நக்கிளே இருக்கறதால டை ராடு எடத்துல ஒரு ராடு போட்டு சேஸில கட்டியிருப்பீங்க, அந்த எடம் தப்பா இருந்தா ஒவ்வொரு பள்ளத்துலயும் பின்னாடி தானா ஸ்டியரிங் திரும்பும். டிரைவருக்கு முன்னாடிதான் கோளாறுன்னு தோணும்.

### வேகம் கூடுனா ஹேண்டில் நடுங்குது

வீல தூக்கி மேல கீழ புடிச்சு ஆட்டுங்க, ஆட்டம் இருந்தா பேரிங் இல்ல பால் ஜாயின்ட். பக்கவாட்டுல ஆட்டினா ஆடுச்சுன்னா டை ராடு, ரேக் புஷ். எதுவும் ஆடலன்னா நூல் கட்டி டோ பாருங்க, முன்பக்கம் பின்பக்கத்த விட ரெண்டு மூணு மில்லிமீட்டர் குறுகி இருக்கணும். அதுவும் சரியா இருந்து, திருப்பி விட்டா ஸ்டியரிங் தானா நடுவுக்கு வரலன்னா கேஸ்டர் (வீல் திரும்பற அச்சு பின்னுக்கு சாஞ்சிருக்கற அளவு) பத்தல, மேல் ஆர்ம பின்னுக்கு சாய்க்கணும். ரேக்குக்குள்ளயே ஆட்டம்னா சர்வீஸ் கடை. ஸ்டியரிங் ராட வெட்டி ஒட்டியிருந்தா வெல்டர் அடிச்சத அப்படியே நம்பாதீங்க, குறுக்கால போல்ட் ஒண்ணும் போடுங்க.

## வெல்டிங்ல விரிசல்

### பெயின்ட்ல முடி மாதிரி கோடு, கோட்டுல துரு கசியுது

ஆர்ம் பிராக்கெட், ஷாக் மவுண்ட், இன்ஜின் மவுண்ட் இந்த மூணு எடத்துலதான் முதல்ல வரும், மாசத்துக்கு ஒரு தடவ துணியால துடைச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. பெயின்ட் விரிசலா இரும்பு விரிசலான்னு தெரியலன்னா டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே வாங்குங்க, வெல்டிங் சாமான் கடைல கேட்டா வரும், சுத்தம் பண்ணி சிகப்ப அடிச்சு பத்து நிமிஷம் விட்டு துடைச்சு வெள்ளைய அடிச்சா விரிசல் சிகப்பு கோடா எழுந்து நிக்கும்.

இரும்பு விரிசல்னா அது மேலயே இன்னொரு கோட் ஓட்டாதீங்க. விரிசல் முடியற ரெண்டு முனைலயும் 3 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்க, கிரைண்டர்ல வி மாதிரி தோண்டி அடி வரைக்கும் எடுத்துட்டு வெல்ட் பண்ணுங்க, மேல முக்கோண தகடு குடுங்க. தகடோட முனை பைப் நடுவுல சடார்னு முடியக் கூடாது, அங்க இருந்தே அடுத்த விரிசல் ஆரம்பிக்கும்.

வெல்ட்ல பொடி பொடியா ஓட்டை இருந்துச்சுன்னா காரணம் பெரும்பாலும் நம்ம ஊரு. கடல் பக்கத்து ஷெட்ல மத்தியானம் கடல் காத்து ஆரம்பிச்சுதுன்னா மிக் வெல்டிங் கேஸ அப்படியே அடிச்சுட்டுப் போயிடும், காலைலயே அடிச்சு முடிங்க இல்ல நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டுங்க. ராடு வெல்டிங்னா ராடு ஈரம் இழுத்திருக்கும், அதுவும் 7018 ராடு திறந்து வெச்சா ஒரு மழை நாள்லயே கெட்டுடும், சின்ன பாக்கெட்டா வாங்கி அன்னைக்கே தீருங்க. ஜிஐ பைப்ல அடிச்சிருந்தா துத்தநாகம் ஓட்டை போடும், புகையும் காய்ச்சல் கொண்டு வரும், அந்த பைப்பே வேணாம். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்ல கறுப்பு பைப் எல்லா சைஸ்லயும் இருக்கு, வாங்கும்போது சுவர் கனத்த வெர்னியர்ல நீங்களே அளங்க, கடைக்காரர் சொல்ற 3 மில்லிமீட்டர் பல தடவ 2.6-ஆ இருக்கும். அளவு தெரியணும்னா காலேஜ் பசங்க ஓட்டுற பாஹா போட்டி பக்கிங்களோட ரூல்ல மெயின் கேஜ் (டிரைவர சுத்தி இருக்கற கூண்டு) பைப்புக்கு 25.4 மில்லிமீட்டர் வெளி விட்டம், 3 மில்லிமீட்டர் கனம்னு போட்டிருக்கு, அது குட்டி இன்ஜினுக்கு. மாருதி இன்ஜின் வெச்ச நீங்க அதுக்கு கீழ போகக் கூடாது.

ஆர்ம் பிராக்கெட் விரிசல் வரைக்கும் நீங்களே பாத்துக்கலாம். தலைக்கு மேல போற கேஜ் வளைவுலயோ, அது சேஸில சேர்ற ஜாயின்ட்லயோ, பைப் வளைச்ச எடத்துல சுருக்கம் விழுந்த இடத்துலயோ கோடு தெரிஞ்சா அத ஒட்டுப் போடற வேலை வேணாம். காசிமேடு, ராயபுரம் பக்கம் மீன்பிடி படகு வேலை, ஃபேப்ரிகேஷன் செய்யற அனுபவமுள்ள வெல்டர் இருக்காங்க, அவங்கள வண்டி கிட்டயே கூட்டிட்டு வந்து காட்டுங்க, அந்தத் துண்டையே முழுசா வெட்டி எடுத்து புது பைப், உள்ள ஸ்லீவ் குடுத்து அடிக்கச் சொல்லுங்க. ஒரு தடவ உருண்ட வண்டின்னா கோடு தெரியலன்னாலும் கேஜ் பைப் நேரா இருக்கான்னு நூல் புடிச்சுப் பாருங்க, வளைஞ்சிருந்தா நிமித்தறதெல்லாம் வேணாம், மாத்தறதுதான்.